ஆறு கொடுக்கிறதா, வாங்குகிறதா?

யோங் பெங் வட்டாரத்து வாசகர்களே! 2023 மார்ச் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி: கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பெக்கோக் போன்ற ஆற்றின் கரையில் கிணறு இருந்தால், இரண்டு நீரும் மண்ணுக்கடியில் கலக்கக்கூடும். ஆற்று நீர் கிணற்றுப் பக்கம் கசிந்தால், செம்பனைக் காட்டில் புல்லுக்கு அடித்த மருந்தும் கூடவே வரலாம்.

கசிவு எந்தப் பக்கம் என்று அறிய, அடிமுனையில் துளையிட்ட சிறு குழாயை ஆற்றின் அடிமண்ணில் இறக்குவார்கள். குழாய்க்குள் நீர் ஆற்று மட்டத்தைவிட உயர்ந்து நின்றால், நிலத்தடி நீர் ஆற்றுக்கு வருகிறது. தாழ்ந்து நின்றால் ஆறு மண்ணுக்குள் இறங்குகிறது. செலவில்லாத வழி, முதலில் இதுதான்!

எவ்வளவு நீர் என்று குழாய் மட்டும் சொல்லாது. 1977இல் டேவிட் லீ என்பவர் ஒரு வழியை எழுதினார். எண்ணெய்ப் பீப்பாயின் ஒரு முனையை வெட்டி, அடிமண்ணில் கவிழ்த்து அழுத்தி, பிளாஸ்டிக் பை கட்டி, அதில் சேரும் நீரை அளப்பது. (தோட்டத்தில் பீப்பாய்க்கா பஞ்சம்!) ஏரிக்கு இது நல்லது. ஓட்டம் வேகமான ஆற்றில் பை அலைக்கழிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. வறட்சியில் வாங்கிய ஆறு, மழையில் உயர்ந்ததும் கொடுக்கத் தொடங்கலாம். ஒரே நாள் அளவை நம்பாதீர்கள்.

கிணறே மூழ்கியிருந்தால் குழாயும் வேண்டாம், பீப்பாயும் வேண்டாம். நீரை இறைத்துவிட்டு, குளோரின் போட்டு, சோதனைக்குக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புல் மருந்து போகாது.