வாக்குமூலம்

1931இல் சினிமா பல மொழிகளில் ஒரே மூச்சில் பேசத் தொடங்கியது. மார்ச் 14இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’, மே 7இல் கோபன்ஹேகனில் ‘வைல்பி பாதிரியார்’, ஒக்டோபர் 31இல் சென்னையில் ‘காளிதாஸ்’. நாங்கள் கவிஞனையும் இளவரசியையும் பாடவைத்தோம். டேனிஷ்காரரோ முழுநீளப் படமொன்றில் தங்கள் மொழி முதன்முதலாக ஒலித்தபோது ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான்கு நாள் கழித்து பெர்லினில் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ வெளியானது. அதுவும் கொலைகாரன் கதை. அதன் உச்சமும் ஒரு வாக்குமூலம்.

ஒரு சிற்றிதழ் தன் முதற்பக்கத்தைப் பழைய பொலிஸ் படங்களுக்குக் கொடுப்பதைச் சிலர் விரும்பமாட்டார்கள். டேனிஷ் இயக்குநர் டிரையரைப் பற்றி எழுதினால் மரியாதை, துப்பறியும் படத்தைப் பற்றி எழுதினால் முகச்சுழிப்பு. ஆனால் ‘வைல்பி பாதிரியா’ரை இயக்கிய ஜோர்ஜ் ஷ்னேவோய்ட், டிரையரின் ஆரம்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். அதில் பாதிரியாராக நடித்த ஹென்ரிக் மால்பெர்க்தான் 1955இல் டிரையரின் ‘ஓர்டெட்’ படத்தின் முதிய பண்ணைக்காரர் மோர்ட்டன் போர்கன். டிரையர் பக்தர்கள் இந்தக் குற்றக்கதை வாசலால் நுழைந்து வந்தால் குறைந்துபோகமாட்டார்கள்.

ஆரம்பப் பேசும்படங்களில் பொலிஸ் கதை பெருகியதற்குக் காரணம் கலையல்ல, காசு. இரைச்சல் போடும் கமெராவை அன்று ஒலி புகாத பெட்டிக்குள் அடைத்துவைத்தார்கள், அது நகராது. மைக் இருக்கும் இடத்தைவிட்டு நடிகர் விலகினால் குரல் போய்விடும். இந்தக் கைவிலங்கோடு எடுக்கக்கூடிய கதை எது? ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, எதிரெதிரே இருவர். ஒருவர் கேட்பார், மற்றவர் மறுப்பார். பொலிஸ் நிலையத்தைவிட மலிவான செட் கிடையாது. துப்பாக்கி வெடி, சைரன், மணிச்சத்தம், மாடிப்படியில் காலடி எல்லாம் செலவில்லாத சங்கீதம். ஹொலிவூட்டின் ‘வறுமைத் தெரு’க் கம்பனிகள் இப்படித்தான் வாரக்கணக்கில் படம் சுட்டுத் தள்ளின. பிரிட்டனில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டுப் படங்களுக்குப் பங்கு ஒதுக்கச் சொன்னபோது, அந்த ஒதுக்கீட்டை நிரப்ப எடுத்த அவசரப் படங்களிலும் கொலையும் இன்ஸ்பெக்டரும்தான் அதிகம். அவற்றை அடிக்கு ஒரு பவுண் என்று துணி அளப்பதுபோல் விலைபேசினார்கள்.

டேனிஷ் சினிமாவுக்குக் குற்றம் புதிதல்ல. நோர்டிஸ்க் நிறுவனம் 1911 முதல் டொக்டர் கார் எல் ஹாமா என்ற வில்லனை வைத்துத் தொடர்ச்சியாகப் படம் எடுத்து விற்றது. பெயரைக் கேட்டாலே ஆள் எந்தத் திசையிலிருந்து வருகிறான் என்று விளங்கும். குற்றம் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருவது என்ற அந்த எண்ணம் இங்கே டென்மார்க்கில் இன்னும் முற்றாகச் செத்துவிடவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், பத்திரிகை வாசிக்கும் எவருக்கும் தெரியும். 1928இல் திவாலாகி அடுத்த ஆண்டு எழுந்து நின்ற அதே நோர்டிஸ்க், பேசத் தொடங்கியதும் குற்றத்தை யூலண்டின் ஒரு பாதிரியார் வளவுக்குள்ளேயே தோண்டியெடுத்தது.

கதை யூலண்டுக்காரரான ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர் 1829இல் எழுதியது. வேலைக்காரன் நீல்ஸ் புரூஸோடு பாதிரியார் சண்டை பிடித்து மண்வெட்டியால் அடிக்கிறார், அவன் காணாமற்போகிறான். பாதிரியாரின் மகளைக் கேட்டுக் கிடைக்காத அண்ணன் மோர்ட்டன், வேறொரு பிணத்துக்குத் தம்பியின் உடுப்பை மாட்டி, பாதிரியாரின் அங்கியை அணிந்துகொண்டு இரவில் அவருடைய தோட்டத்திலேயே புதைக்கிறான். சாட்சிகள் அங்கியைத்தான் காண்கிறார்கள். பாதிரியாருக்கோ நித்திரையில் எழுந்து நடக்கும் பழக்கம். நித்திரையில் நான்தான் செய்திருப்பேன் என்று தானே நம்பி ஒப்புக்கொள்கிறார். தண்டிக்கும் நீதிபதி, அவர் மகளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். இருபத்தொரு வருடம் கழித்து நீல்ஸ் பிச்சைக்காரனாக ஊர் திரும்புகிறான். இதற்கு அடியில் உண்மை வழக்கொன்று உண்டு: ஸோரன் யென்சன் குயிஸ்ட் என்ற பாதிரியார் 1626இல் தலை வெட்டப்பட்டார். (மார்க் ட்வெயின் இதே சம்பவங்களை ‘டொம் சோயர், துப்பறிவாளன்’ கதையில் எடுத்தாண்டு, சுவீடன் வழக்கு என்று குறிப்பெழுதினார். டேனிஷ்காரருக்கு அது இரட்டைக் கோபம்.)

இப்போது 1936க்கு, சென்னைக்கு வருவோம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’, எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையிலிருந்து வந்தது. எம். கே. ராதா நடித்த நாயகன் குடிவெறியில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். அங்கே நித்திரை, இங்கே மது; இருவருமே செய்யாத கொலையைத் தாங்களே செய்ததாக நம்புகிறவர்கள். வேறுபாடு முடிவில். தமிழ்ப் படத்தில் கயிறு விழுமுன் உண்மை வெளிவந்து குடும்பம் சேர்ந்துவிடும். டேனிஷ் கதையில் உண்மை வரும்போது பாதிரியார் உயிரோடில்லை.

அதே படத்தில்தான் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றினார், ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டராக. சிறு வேடம். ஆனால் அன்றைய தமிழ்ப் படத்தில் பொலிஸுக்கு அதைவிடப் பெரிய வேலையும் இருக்கவில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ என்று 1935இலேயே துப்பறியும் நாவலாசிரியர்கள் திரைக்குப் போய்விட்டார்கள். இருந்தும் சட்டத்தின் கை தவறிழைக்கும் கதை வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தணிக்கைக் குழுக்கள் பொலிஸ் தலைவர்களின் கையில் இருந்தன. கத்தரிக்கோல் பிடித்தவரைப் படத்தில் எப்படிக் கெட்டவராகக் காட்டுவது? அமெரிக்காவில் இதே காரியம் வேறு வழியால் நடந்தது: 1931இல் கொள்ளைக்காரனாகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் காக்னி, தணிக்கை விதிகள் இறுகியபின் 1935இல் அரசாங்கத் துப்பறிவாளனாகத் திருந்திவிட்டார்.

எங்கள் சனத்துக்கு இது வெறும் சினிமா வரலாறல்ல. பொலிஸுக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த விதி. எப்படி வாங்கப்படும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. 1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த விதியைத் தள்ளிவைத்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் சொன்னதைச் சாட்சியமாக்கியது. வைல்பிப் பாதிரியாரை நித்திரை நம்பவைத்தது. எங்கள் பொடியன்களை யாரும் எதையும் நம்பவைக்கவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். மேசையும் இரண்டு நாற்காலியும் காட்டும் அந்த மலிவுப் படங்களில் இல்லாதது இந்தக் காட்சிதான். நவீனத் தமிழ் சினிமாவில் ‘விசாரணை’ வந்து அதைக் காட்ட 2015 ஆயிற்று; அதுவும் ஆந்திரப் பொலிஸ் நிலையத்தில் தொடங்கித்தான்.

நாங்கள் இப்போது வாழும் டென்மார்க்கில் நடந்தது வேறு கதை. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகள் வந்துசேரும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைக்கச் செய்தார். இங்கே கிரின்ஸ்டெட் நகரிலும் அக்கம்பக்கத்திலும் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கம்பளத்துக்குக் கீழே எதுவும் தள்ளப்படவில்லை என்று 1989இல் பிரதமர் போல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை ஏறக்குறைய ஆறாயிரம் பக்கம் வந்தது. 1993 ஜனவரியில் அரசு விழுந்தது. 1995இல் சிறப்பு நீதிமன்றம் முன்னாள் நீதியமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை சிறிது என்று சொல்வோரோடு எங்களுக்குத் தகராறு இல்லை.

நின்-ஹன்சன் குற்றத்தை ஏற்கவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 1999இல் அங்கும் மனு தள்ளுபடியானது. ஒருவரின் வாயைப் பிடுங்காமல், திணைக்களக் குறிப்புகளையும் கடிதங்களையும் சாட்சிகளையும் வைத்தே வழக்கு நிரூபிக்கப்பட்டது. மேசை, நாற்காலி, கோப்பு: 1931இன் கமெராவாலேயே எடுத்திருக்கலாம், அவ்வளவு மலிவு. தமிழிலோ டேனிஷிலோ எடுக்க முன்வரும் இளையவர்களுக்கு இந்த இதழின் பக்கங்களில் திரைக்கதைக்கு இடமுண்டு.