"இல்லை" என்று சொல்பவரே நல்ல ஓட்டல்காரர்!

கோதுமை சிலருக்கு ஆகாது. ஒரு துண்டு ரொட்டிகூட ஆகாது.

இதற்கு "சீலியாக்" நோய் என்று பெயர். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் "குளூட்டன்" என்ற புரதம் இருக்கிறது. பிசைந்த கோதுமை மாவு பசை போல இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இந்த நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் சிறுகுடலின் உட்புறம் கெட்டுவிடும். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. குளூட்டனை அடியோடு விலக்குவதே சிகிச்சை.

வீட்டில் சமாளித்துவிடலாம். வெளிநாட்டுக்குப் போனால்?

சோறும் ஏமாற்றும்

"ஜப்பானில் அரிசிச் சோறுதானே!" என்று நினைக்கலாம். ஆனால் அங்கே பல பதார்த்தங்களில் ஊற்றும் சோயா சாஸ், பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாராகிறது. நம்முடைய கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பது உண்டு. ஆகவே, அயல்நாட்டில் சாம்பார் கிடைத்தாலும் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும்.

இத்தாலியைப் பாருங்கள்

இத்தாலி நாட்டில் பாஸ்தா, பீட்சா என்று எங்கும் கோதுமைதான். ஆனால் இந்த நோயாளிகளுக்காக அங்கே 2005-ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற பொது உணவுக்கூடங்களில், கேட்பவர்களுக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு கொடுக்க வேண்டும்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில், உணவில் இந்தத் தானியங்கள் உண்டா என்பதை ஓட்டல்களும் தெரிவிக்க வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து இது சட்டம். "குளூட்டன் இல்லாதது" என்று எழுதி விற்கும் உணவில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

இப்படிப்பட்ட சட்டம் எல்லா நாடுகளிலும் வரவேண்டும்.

உண்மையே உபசாரம்

சட்டம் மட்டும் போதுமா? போதாது. கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரித்தால், அதுவும் ஆகாது. இது சமையற்காரருக்குத்தான் தெரியும்.

"ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே பரிமாறுவது உபசாரம் அல்ல. "எங்களிடம் இல்லை" என்று உண்மையைச் சொல்வதுதான் உபசாரம். அன்று வியாபாரம் போகலாம். விருந்தாளியின் உடம்பு பிழைக்கும்.

பயணம் போகிறவர்களும் கூச்சப்பட வேண்டாம். தமக்கு எது எது ஆகாது என்பதை அந்த நாட்டு மொழியில் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு போகலாம். அதைச் சமையற்காரரிடமே காட்டச் சொல்லலாம்.

இது நாக்கின் பிடிவாதம் அல்ல. உடம்பின் தேவை. கேட்பவர் கேட்கட்டும். பதில் சொல்பவர் உண்மையைச் சொல்லட்டும்!