ஆள் பாதி, ஆடை பாதி... அப்போ மீதி?



பி.காம். கடைசி வருஷம் வந்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஆள் பாதி, ஆடை பாதி" என்று ஆரம்பித்து விடுவார்கள். கோட்டு வேண்டும், டை வேண்டும், பளபளவென்று ஷூ வேண்டும். இதெல்லாம் இல்லாமல் இன்டர்வியூவுக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நம்மில் பல பேருக்கு இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் பயம் இன்னும் கூடுதல். கடன் வாங்கியாவது கோட்டு தைத்துவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. முக்கியமாக அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: தோற்றம் முக்கியம், சந்தேகமே இல்லை. ஆனால் வாசலில் கேட்கிற தோற்றம் வேறு, நம்பிக்கையைச் சம்பாதித்துத் தருகிற தோற்றம் வேறு.

முதலில் ஒரு கணக்கை ஓரம் கட்டிவிடுவோம். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளில் இருந்து வந்தது. ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்றுதான் அவர் ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால் 93 சதவீதம் புன்னகையை வைத்து ஒப்பேற்ற முடியாது :-)

சரி, உடல்மொழி என்றால் என்ன என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டுமா? நம்ம பெரிய மார்க்கெட்டுக்குப் போங்கள். நேரு வீதி ஓரத்தில், ஆவணங்களில் குபேர் அங்காடி என்று இருக்கிறதே, அதேதான். மீன் விற்கிற அக்கா நாம் கேட்பதற்கு முன்பே செவுளைத் திறந்து காட்டுவார். சிவப்பாக இருந்தால் புதிது. பூ விற்கிற அம்மா முழம் போடும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? அவர் கையைத்தான். முழங்கை நன்றாக நீள்கிறதா, சுருங்குகிறதா? தராசு முள் நம் பக்கம் தெரிகிறதா? வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பதுதான் அங்கே நம்பிக்கை. கோட்டும் இல்லை, டையும் இல்லை. ஆனால் வருஷக் கணக்காக அதே வாடிக்கையாளர்கள் அதே கடைக்கு வருகிறார்கள். வணிகவியலில் 'நற்பெயர்' என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோமே, அது இதுதான்.

அப்படியானால் உடை விதிகள் எதற்கு? நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1873-ல், பிரெஞ்சு ஆட்சியில், பொன்னுத்தம்பி பிள்ளை என்ற புதுச்சேரி வழக்கறிஞர் ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். பொன்னுத்தம்பி விடவில்லை. பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு 1881-ல், இந்தியர்கள் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்ற ஆணை வந்தபோது, அந்த இயக்கத்துக்கு முன்னால் நின்றார். அப்போது அவர் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம்!

இப்போது 2014 ஜூலைக்கு வாருங்கள். சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. இப்படித் தடுக்கக்கூடாது என்று அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது.

கவனித்தீர்களா? ஒருவரை ஷூ போட்டதற்காகத் தடுத்தார்கள். இன்னொருவரை வேட்டி கட்டியதற்காகத் தடுத்தார்கள். இரண்டு பேருக்கும் தகுதியில் எந்தக் குறையும் இல்லை. உடை விதி வாசலில் நிற்பவரின் தகுதியைச் சொல்வதில்லை, கதவு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

அதற்காகக் கசங்கிய சட்டையோடு போய் நின்று புரட்சி செய்யச் சொல்லவில்லை. விதி இருந்தால் மதித்துப் போகலாம், வேலை நமக்கு வேண்டும். ஆனால் செலவையும் கவலையையும் சரியான இடத்தில் போடுவோம்:

1. அளவு சரியான, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை.

2. கை மேஜை மேல் தெரியட்டும். கேட்பவர் முகத்தைப் பாருங்கள்.

3. கேள்வி முடியும்வரை காத்திருங்கள்.

4. தெரியாததைத் தெரியாது என்று நேராகச் சொல்லுங்கள். இதுதான் நாம் செவுளைத் திறந்து காட்டுவது.

முதல் மூன்றும் எதிரே இருப்பவருக்கு நாம் தரும் மரியாதை. நான்காவதுதான் நம்பிக்கை. இவற்றில் எதற்கும் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. கோட்டுக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால் டேலி வகுப்புக்குக் கட்டுங்கள். அதை உள்ளே போன பிறகும் போட்டுக்கொள்ளலாம்!