படம் காட்டுவதும் காட்டாததும்

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. கண்ணுக்கும் காதுக்கும் ஒருங்கே விருந்தளிக்கும் விவரணப்படங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எழுந்த இம்மொழி, அவற்றுக்கே மிகவும் பொருந்துவதாகும்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் தேகப்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞரைக் காண்கிறோம். தோட்டத்து லயங்களிலுங்கூட, சீமெந்து வார்த்த பேணிகளை இரும்புத் தண்டின் இரு முனையிலும் பொருத்திப் பளு தூக்கும் பிள்ளைகள் உண்டு. நல்ல பழக்கமே. ஆனால், தேகக்கட்டைப் பற்றியும் ஸ்டெரொய்ட் மருந்துகளைப் பற்றியும் வந்த விவரணப்படங்கள் இன்று அவர்தம் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கின்றன. அவை வீணாக அச்சமூட்டுகின்றன என்பர் சிலர். ஆசை காட்டி மோசம் செய்கின்றன என்பர் வேறு சிலர். எவர் கூற்று சரி?

இதை அளந்தறியும் கோல் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. 1934ஆம் ஆண்டு பசில் றைட் என்னும் ஆங்கிலேயர், இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருளுதவியுடன் 'சோங் ஒவ் சிலோன்' என்ற படத்தை எடுத்தார். உலகப் புகழ் பெற்ற அழகிய படம் அது. அதிலே வர்த்தகத்தின் குரல்கள் ஒலிக்கின்றன. கொழுந்து கொய்யும் பெண்ணின் குரல் ஒலிக்கவில்லை. 1973ஆம் ஆண்டு பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சியும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் படமாக்கிற்று. அது தொழிலாளரின் குறைந்த கூலியையும் பசியையும் காட்டியது. மலை ஒன்றே, செடியும் ஒன்றே. காட்டப்பட்டவையோ வெவ்வேறு. ஆகவே எந்த விவரணப்படத்தையும் நோக்கி நாம் இரு கேள்விகளைக் கேட்டல் வேண்டும்: இது யார் செலவில் எடுக்கப்பட்டது? இதில் யார் பேசவில்லை, எது பேசப்படவில்லை?

இக்கோலைக் கொண்டு தேகக்கட்டுப் படங்களை அளந்து பார்ப்போம். 1977இல் வெளியான 'பம்பிங் அயர்ன்', 1975ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்த ஆணழகன் போட்டியை ஒட்டியது. ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்னெகரை உலகறியச் செய்த படம் இது. வியர்வையும் விடாமுயற்சியும் அதில் நிறைய உண்டு. ஸ்டெரொய்ட் என்ற பேச்சே இல்லை. அக்காலத்தில் தாம் அம்மருந்துகளைப் பயன்படுத்தியதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பயிற்சியை விட மனமின்றித் தந்தையின் இறுதிச் சடங்குக்கும் போகவில்லை என்று படத்தில் அவர் கூறிய கதை, உண்மையன்று எனவும் பிற்பாடு தெரியவந்தது. இப்படத்தின் பெரும் பிழை அதன் மௌனமே. பாடுபட்டால் மட்டும் அத்தகைய உடல் வாய்த்துவிடும் என்று நம்பிய சிறுவர் எத்தனை பேரோ!

2008இல் கிறிஸ் பெல் என்ற அமெரிக்கர் எடுத்த 'பிகர், ஸ்ட்ரோங்கர், ஃபாஸ்டர்' வேறு வகையானது. தம் சகோதரர் இருவரும் ஸ்டெரொய்ட் பயன்படுத்துவதை அவர் மறைக்கவில்லை. எதிர்ப்போர், ஆதரிப்போர் இரு சாராரையும் பேச விடுகிறார். மலிவான தூளை உறைகளில் அடைத்துப் பெருவிலைச் சத்துமருந்தாக்கும் வித்தையையும், மெலிந்த உடல், பருத்த உடல் என்ற இரு படங்களை ஒரே நாளில் எடுத்துவிடும் விளம்பரத் தந்திரத்தையும் அம்பலப்படுத்துகிறார். எனினும் மருந்தின் தீமைகள் மிகைப்படுத்தப்பட்டன என்ற பக்கமே படம் சாய்கிறது. நேர்மையான படம்தான், முழுமையான படம் என்று சொல்வதற்கில்லை.

அச்சமூட்டும் படங்களும் குற்றமற்றவை அல்ல. தசையைப் பெருக்கும் மருந்து வேறு. ஆஸ்துமாவுக்கும் மூட்டழற்சிக்கும் வைத்தியர் தரும் பிரட்னிசலோன் போன்றவை வேறு. இரண்டுக்கும் ஸ்டெரொய்ட் என்ற ஒரே பெயர். இவ்வேறுபாட்டை விளக்காமல் ஸ்டெரொய்ட் யாவும் நஞ்சு என்று முழங்கும் படத்தைப் பார்த்து, மூச்சுத்திணறும் பிள்ளையின் மருந்தை ஒரு தாய் நிறுத்திவிட்டால் பழி யாருடையது? 2011இல் நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டதும் இந்த இரண்டாவது வகையினாலேயே. தோள் வலிக்காக உட்கொண்ட மூலிகை மருந்தின் வாயிலாக அது உடலிற் சேர்ந்தது. ஆட்டத்திறனை உயர்த்தும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூலிகை என்ற சொல்லை மட்டும் நம்பிவிடலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

அப்படியாயின் எந்தப் பக்கமும் சாராத படமே நல்ல படமா? அன்று. 2017இல் வந்த 'இக்காரஸ்' ரஷ்யாவின் ஊக்கமருந்து மோசடியை வெளிப்படையாகவே சாடியது. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கையும் அதே மோசடியை உறுதிப்படுத்தியிருந்தது. சான்றுடன் ஒரு பக்கம் நிற்பது பாரபட்சமாகாது.

இவ்விடயத்தில் சான்று சொல்வது இதுதான். தசை பெருக்கும் ஸ்டெரொய்ட்டை மனம்போல் உபயோகித்தால் இரத்தத்தில் தீய கொழுப்பு உயரும், இருதயம் பருக்கும், மாத்திரைகள் ஈரலைத் தாக்கும், விந்து உற்பத்தி குன்றும். வளரும் பருவத்துப் பையனுக்கோ எலும்பின் வளர்ச்சி முனைகள் காலத்துக்கு முன்பே மூடிவிடும். உயரமாக வேண்டிய பிள்ளை குட்டையாகவே நின்றுவிடுவான். நாற்பது வயதினரின் கதையைக் கூறும் படங்கள் பல இதனைச் சொல்லாமலே விடுகின்றன. அவற்றைப் பார்ப்பவனோ பதினாறு வயதினன்.

பெற்றோரே! பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியைப் பறிப்பதிற் பயனில்லை. அருகில் அமர்ந்து அப்படத்தை நீங்களும் பாருங்கள். இளைஞர்களே! படம் முடிந்ததும் அதற்கிடையில் எந்தத் தூளின் விளம்பரம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். தாயின் கொழுந்துக் கூலியில் அந்தப் பேணியை வாங்கு முன், அதில் அடங்கியிருப்பது யாதென வைத்தியர் ஒருவரிடம் கேளுங்கள். பருப்பும் பயறும் முட்டையும் நெத்தலிக் கருவாடும், நாள்தோறும் செய்யும் பயிற்சியும், நிறைந்த உறக்கமும் தரும் வலிமை மெல்லத்தான் வரும். வந்த வலிமை உங்களுடையதாகவே இருக்கும்.