ஊர்ப்படமும் உழவு நிலமும்

பட்டணங்களை அடுத்த கிராமங்களில் நிலம் வைத்திருப்போருக்கு மழையும் பூச்சியும் அல்லாத வேறொரு கவலை இக்காலத்தில் உண்டாகியிருக்கிறது. திட்டக் குழுமத்தின் அலுவலகத்தில் தயாராகும் முழுமைத் திட்டப் படத்தில் ஒரு புல எண் குடியிருப்புப் பகுதியாகவும், அதற்கடுத்தது தொழிற்சாலைப் பகுதியாகவும், அதற்கப்பால் உள்ளது விவசாயப் பகுதியாகவும் குறிக்கப்படுகிறது. அவ்விதம் குறித்தபின் அந்தந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை அக்குறிப்பே நிர்ணயிக்கிறது. சிறு பேரூர்களில் ஜனங்களுக்கும் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் நேரிடும் விவாதங்களுள் பல இதிலிருந்தே பிறக்கின்றன. அவற்றைத் தீர்க்கும் வழி யாது என்பது குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் ஒருங்கே ஆலோசிக்கத் தக்க விஷயமாகும்.

இவ்விவாதங்களில் நியாயம் ஒரு கட்சியிடம் மட்டும் இருப்பதில்லை. பேரூராட்சிக்குச் சாலையும் சந்தையும் வேண்டும். ஜனத்தொகை பெருகும்போது வீடு கட்ட மனையும், வேலை தர ஆலையும் வேண்டும். குடியானவர்களுள்ளும் ஒரே அபிப்பிராயம் இல்லை. வயலுக்கருகில் சாயப்பட்டறை வரலாகாதென்று ஒருவர் விவசாயப் பகுதியைக் கேட்கிறார். பெண்ணின் விவாகச் செலவுக்கு நிலத்தை மனை விலைக்கு விற்க எண்ணிய அடுத்த பட்டாதாரரோ, அந்தக் குறிப்பினால் தம் கை கட்டப்பட்டது என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஒருவருடைய சொத்தின் உபயோகத்தை ஊரார் கட்டுப்படுத்தலாமா என்பது பழைய கேள்வி. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டிலேயே நகரமைப்புச் சட்டம் ஏற்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் இக்கேள்வி தலைமை நீதிமன்றம் வரை சென்று இரண்டு தீர்ப்புகளைப் பெற்றது. அவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது இங்குள்ளவர்களுக்கும் பயன் தரும்.

ஒஹையோ ராஜ்யத்தில் கிளீவ்லந்து நகரை ஒட்டிய யூக்ளிட் என்னும் கிராமம் 1922-இல் தன் எல்லையைப் பகுதிகளாகப் பிரித்து விதி செய்தது. ஆம்ப்ளர் என்னும் நிலக் கம்பெனிக்கு அங்கே 68 ஏக்கர் இருந்தது. ஆலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் பெறும் நிலம், குடியிருப்புக்கென்று ஒதுக்கினால் 2,500 டாலருக்கு மேல் பெறாது என்று கம்பெனி வழக்கிட்டது. 1926-இல் தலைமை நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தொழில் ஓரிடத்தில் குற்றமற்றதாயினும் வேறிடத்தில் தொல்லையாகலாம். ஆகவே இடத்தைப் பொறுத்து வரையறுக்கும் அதிகாரம் ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம்.

இரண்டே ஆண்டுகளில், 1928-இல், மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. நெக்டோ என்பவரது நிலத்தில் 100 அடி அகலமுள்ள ஒரு துண்டை நகரம் குடியிருப்புக்கென்று குறித்துவிட்டது. அருகிலோ மோட்டார் தொழிற்சாலையும், சோப்புத் தொழிற்சாலையும், இருப்புப் பாதையும் இருந்தன. விசாரணைக்கென நியமிக்கப்பட்ட அதிகாரி நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நேரில் பார்வையிட்டு, இரு தரத்தாரையும் விசாரித்து, இக்குறிப்பினால் ஊரார்க்கு யாதொரு நன்மையும் இல்லை என்று எழுதினார். அதை ஆதாரமாகக் கொண்டு தலைமை நீதிமன்றம் இம்முறை உடையவர் பக்கம் தீர்ப்பளித்தது.

முதல் தீர்ப்பு ஊருக்கு அதிகாரம் உண்டு என்கிறது. இரண்டாவது, அவ்வதிகாரம் ஒவ்வொரு நிலத்திலும் காரணத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. காரணம் உண்டா இல்லையா என்பதை அங்கே வெளிப்படுத்தியது வரைபடமன்று. நேரில் சென்று பார்த்தவரின் கண். சிறு பேரூர்களின் விவாதங்களுக்கும் இதுவே மருந்து. கோடு நிலைபெறுமுன் அதிகாரிகள் வயல் வரப்பில் நின்று பார்த்துவிடவேண்டும்.

இது வேறெங்கும் இருப்பதைவிடத் தமிழ்நாட்டு நன்செய்யில் அதிக அவசியம். ஏரிப் பாசனமுள்ள ஆயக்கட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல்வயலின் மடையைத் திறந்தால் நீர் கீழ்வயலில் பாய்ந்து, அதிலிருந்து அடுத்ததற்குச் செல்லும். சர்க்கார் வாய்க்காலுக்குத் தனிப் புல எண் உண்டு, புலப்படத்திலும் காணும். வயலுக்கு வயல் பாயும் நீருக்கோ எண்ணும் இல்லை, கோடும் இல்லை. நடுவிலுள்ள ஒரு வயலை மனையாக்கி, இரண்டு மூன்று அடி மண் கொட்டி உயர்த்தினால், மேல்வயலில் வடியாத நீர் தேங்கிப் பயிர் அழுகும். கடைமடை வயல் காயும். விற்றவர் ஒருவர், நஷ்டமடைந்தவர் பலர். படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரிக்கு இது தெரிய வழியில்லை. அங்கே நீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியும்.

சட்டம் இதற்கு இடம் அளித்தே இருக்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 26-ஆம் பிரிவில், முழுமைத் திட்டம் தயாரானதை அரசிதழிலும் முக்கிய தினசரிகளிலும் அறிவித்து, எழுத்து மூலமான ஆட்சேபணைகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத தவணை கொடுக்கவேண்டும் என்கிறது. பாதிக்கப்படுகிறவர் நேரில் சொல்வதையும் கேட்கவேண்டும். பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் உடன்பாட்டினால் வாங்காமலும், கையகப்படுத்தப் பிரகடனம் செய்யாமலும் இருந்தால், அவ்வொதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகும் என்பது 38-ஆம் பிரிவு. இது சாலை, பூங்கா போன்றவற்றுக்கு ஒதுக்கிய நிலத்துக்கே பொருந்தும். குடியிருப்பு, விவசாயம் என்னும் பகுதிக் குறிப்புகள் இதனால் நீங்கா.

குறை எங்கே எனில், அரசிதழ் அறிவிப்பு ஏர் பிடிப்பவரை எட்டுவதில்லை. தவணை கழிந்தபின் மண் லாரி வரும்போதே அவர் விழித்துக்கொள்கிறார். பிறகு மறியல், மனு, நீதிமன்றம் என்று வருஷங்கள் கழிகின்றன. ஆகையால் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்யவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் அறிவிப்பு வந்த வாரத்திலேயே பாதிக்கப்படும் புல எண்களைத் தமிழில் எழுதி, சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டுவிப்பதோடு, கிராம சபையிலும் படிக்கச் செய்வது நலம். குடியானவர்கள் தனித்தனியே கூக்குரலிடுவதை விட்டு, ஒரு மடையின் கீழுள்ளோர் அனைவரும் கூடி ஒரே ஆட்சேபணை எழுதவேண்டும். அதில் புல எண், பயிர், நீர் எந்த வயலிலிருந்து எந்த வயலுக்குப் போகிறது என்பதைக் காட்டும் கைப்படம் ஆகியவை இருக்கவேண்டும். கோபமான பத்துப் பக்கத்தைவிட இப்படிப்பட்ட ஒரு பக்கம் அதிக பலன் தரும். திட்டக் குழுமமும் பேரூராட்சியும் பாசன காலத்தில் ஸ்தலத்தைப் பார்வையிட்டு, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். மனையாக்க அனுமதிப்பதாயின், கீழ்வயலுக்கு நீர் போகும் கால்வாயையும் வடிகாலையும் மனைப்பிரிவுக்காரர் தம் செலவில் அமைத்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். அவ்வாறு செய்தால் விற்க விரும்பும் பட்டாதாரரும் கெடமாட்டார், கடைமடைக்காரரும் பிழைப்பார்.

இவ்வளவும் காலதாமதம் உண்டாக்கும் என்று சிலர் சொல்லலாம். தாமதம் உண்மையே, ஆனால் அது சில வாரங்கள். நீதிமன்றத் தாமதம் வருஷக்கணக்கு. அதற்குள் மேடாக்கிய வயலோ மறுபடி நன்செய்யாவது அரிது. தீர்ப்பு உழவருக்கு அனுகூலமாக வந்தாலும், கொட்டிய மண்ணை யார் அள்ளுவது? எனவே, பட்டணத்தை அடுத்த ஊர்களின் நிலச்சுவான்தார்கள் முழுமைத் திட்டத்தில் தம் புல எண்கள் எவ்விதம் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதை அடுத்த சாகுபடி தொடங்குமுன் திட்டக் குழுமத்தின் அலுவலகத்தில் பார்த்துக்கொள்வது உசிதம்.