புகைப்பவனை நோய் அண்டாதாம்!

குமராட்சிக் கடைத்தெருவிலே மூன்று தோழர்கள் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம்மைப் பார்த்து, "பீடி குடிக்கிறவனைக் கொரோனா அண்டாது, வெள்ளைக்காரனே சொல்லிவிட்டான்" என்றார். 2020 மே மாதத்தில் கோயம்பேட்டுச் சந்தையில் வேலை செய்து ஊர் திரும்பிய ஏழைத் தொழிலாளிகள் பலர் நோய் கண்டு கிடந்ததைப் பார்த்த கடலூர் ஜில்லாவிலேயே இப்பேச்சு இன்னும் நடமாடுகின்றது!

இது ஆகாயத்திலிருந்து குதித்த பேச்சல்ல. 2020 ஏப்ரலில் பாரிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில், கொரோனா நோயாளிகளில் தினம் புகைப்பவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவே என்றார்கள். அந்நாட்டு ஜனங்களிலோ நூற்றுக்கு 25 பேர். நம் நாட்டிலும் சி.எஸ்.ஐ.ஆர். ஸ்தாபனத்தார் 10,427 பேரின் ரத்தத்தைச் சோதித்து, புகைப்பவர்களிடத்தும் மரக்கறி உண்பவர்களிடத்தும் நோய் வந்துபோன அடையாளம் குறைவு என்று 2021இல் வெளியிட்டார்கள். உடனே மரக்கறிப் பெருமைக்காரர் ஒரு பாதியையும், பீடிக்காரர் மறு பாதியையும் பிய்த்துக்கொண்டு போனார்கள்!

அந்த 10,427 பேர் யார்? அந்த ஸ்தாபனத்தின் சிப்பந்திகளும் அவர்கள் குடும்பத்தாருமேயாவர். அவர்கள் கணக்கு கொள்ளிடக்கரையில் நாற்று நடுகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? அன்றியும் ரத்தத்தில் அடையாளம் இல்லாததாலேயே நோய் வரவில்லை என்றாகுமா? ஆஸ்பத்திரிக் கணக்கும் அப்படியே. இருமல் கண்ட அன்றே பீடியை எறிந்தவன், மூச்சுத் திணறும்போது "புகைப்பதுண்டா?" என்று கேட்டால் இல்லையென்றுதானே தலையசைப்பான்? போகட்டும், இதே கூற்றைச் சொன்ன கட்டுரையொன்றை ஐரோப்பிய சுவாச வைத்தியப் பத்திரிகை 2021இல் வாபஸ் வாங்கிற்று. எழுதியவர்களில் இருவர், புகையிலைத் தொழிலோடு தங்களுக்கிருந்த சம்பந்தத்தைச் சொல்லாமல் விட்டிருந்தார்களாம். இதன் யோக்கியதை எப்படி!

கொரோனா தொற்றுவதைப் பற்றிய கணக்கு மட்டும் குழப்பமானதே. அதை நாம் ஒளிக்கவில்லை. ஆனால் தொற்றிய பின் நடப்பதில் குழப்பமில்லை. பிரிட்டனில் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2021இல் பார்த்ததில், புகையாதவரைவிடப் புகைப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேருவது 80 சதவிகிதம் கூடுதல், சாவும் கூடுதல்.

விஷ ஜுரமாகிய இன்புளூயன்சாவிலோ தொற்றுவதிலேயே வித்தியாசம் தெரிகின்றது. இஸ்ரேல் பட்டாளப் பிரிவொன்றில் திடகாத்திரமான 336 வாலிபர்கள். சரிபாதி 168 பேர் புகைப்பவர்கள். ஜுரம் பரவியபோது புகைத்தவர்களில் நூற்றுக்கு 68.5 பேருக்கு வந்தது, புகையாதவர்களில் 47.2 பேருக்கே. 1982இல் அச்சேறிய கணக்கு இது. ஒரே பட்டாளம், ஒரே ஜுரம்!

காரணம் தெய்வ ரகசியமல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அசைந்தசைந்து, சளியில் சிக்கிய கிருமியை மேலே தள்ளுகின்றன. புகை அவற்றை முடக்குகின்றது. காவற்காரனுக்குத் தினம் கள் ஊற்றிவிட்டு, இனித் திருடன் வரமாட்டான் என்பதைப் போலல்லவா இருக்கிறது இந்த வைத்தியம்? முனீஸ்வரனுக்குச் சுருட்டுப் படைக்கிறவர்கூட, சாமிக்குச் சளி பிடிக்காதிருக்கப் படைக்கிறோம் என்று சொன்னதில்லை.

மூன்று வாய் மாறிய அந்த ஒரே பீடியில் எத்தனை பேருடைய எச்சில் ஏறியிருக்கும் என்பதையாவது அத்தோழர்கள் யோசித்துச் சொல்லட்டும்.