திறந்த நூலகமும் நாமும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்

நூலகம் என்ற சொல்லுக்குக் கணிப்பொறித் துறையில் தனியொரு பொருள் உண்டு. ஒருவர் எழுதிச் சோதித்துப் பார்த்த நிரல்களைப் பிறரும் எடுத்தாளும் வகையில் தொகுத்து வைத்தால், அத்தொகுப்பை நூலகம் என்கிறோம். திரையில் ஒரு வரி அச்சாக வேண்டுமா? வர்க்கமூலம் காண வேண்டுமா? படம் வரைய வேண்டுமா? அதற்குரிய செயற்கூறு நூலகத்தில் இருக்கும்; பெயர் சொல்லி அழைத்தால் போதும். பிற துறை நண்பர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே இந்த முன்னுரை.

முதலாண்டில் நிரல் எழுதப் பழகும் மாணவனுக்கு எத்தகைய நூலகம் வேண்டும் என்பதே நான் பேச வந்த பொருள். மூலநிரல் எல்லோர்க்கும் திறந்திருக்கும் நூலகம் வேண்டும். அத்துடன், அதைத் திறந்து படிக்கும் பழக்கமும் வேண்டும். இவ்விரண்டில் பின்னதே பெரிது என்பது என் துணிபு.

பூட்டி வைத்த அறிவின் கதை தமிழருக்குப் புதிதன்று. எத்தனையோ ஏட்டுச் சுவடிகள் பரண்மேல் கட்டிக் கிடந்தன. ஆண்டுக்கொருமுறை பூசைக்கு இறங்கிவந்து, மீண்டும் செல்லுக்கும் கரையானுக்கும் இரையாயின. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபின், அந்நூலை யாரும் வாங்கலாம், படிக்கலாம், ஐயம் எழுப்பலாம் என்ற நிலை வந்தது. திறந்த மூல மென்பொருள் நமக்குத் தரும் உரிமையும் ஏறத்தாழ இதுவே. பயன்படுத்தலாம், உள்ளே இருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் கொடுக்கலாம். அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டம் இவ்வுரிமைகளுக்காகவே பிறந்தது. அத்திட்டத்தில் 1987-இல் வெளிவந்த ஜி.சி.சி. கம்பைலர் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, காசின்றியும் கிடைக்கிறது.

ஆனால் நம் நாட்டுக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் மாணவன் முதன்முதலில் காண்பது என்ன? போர்லாண்டு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட டர்போ சி++ என்னும் நீலத் திரை! டாஸ் காலத்து மென்பொருளாகிய அதை இன்றைய கணிப்பொறியில் ஓட்டுவதற்கு டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டியிருக்கிறது. திரையைத் துடைக்கும் செயற்கூறும், வட்டம் வரையும் செயற்கூறும் அந்நிறுவனத்தின் சொந்த நூலகத்தைச் சேர்ந்தவை. சி மொழியின் பொதுத் தரத்தில் அவற்றுக்கு இடமில்லை. அங்கே பழகிய நிரலை ஜி.சி.சி.யில் கொடுத்தால் அது விழிக்கும். மாணவனின் கைக்கு வருவது பெயர்ப்பலகை மட்டுமே. வேலை நடக்கும் அறை பூட்டியிருக்கிறது. பூட்டிய அறைக்கு வெளியே நின்று மூன்றாண்டு படித்தால் என்ன பயன் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இனி, திறந்த அறைக்குள் ஒருமுறை போய்வருவோம். கீடோ வான் ராசம் என்ற டச்சுக்காரர் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழி நமக்கு அறிமுகமானதே. 2019-இல் வந்த மேனிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலிலும் அது இடம்பெற்றது. பைத்தானுடன் வரும் நூலகங்களுள் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்பது ஒன்று. அது பெரும்பாலும் பைத்தானிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நான் ராயக்கோட்டைக்காரன். எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி விலையே தலைப்புச் செய்தி. ஒரு பெட்டி நான்கு நாள் 200 ரூபாய்க்கும், ஐந்தாம் நாள் 900 ரூபாய்க்கும் விற்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சராசரி 340 ரூபாய். அந்த விலையைக் கண்ட உழவர் எவருமில்லை. இடைநிலை அளவோ 200. அதுவே நான்கு நாள் உழவர் கையில் வாங்கியது. இடைநிலை காணும் செயற்கூற்றைத் திறந்து பாருங்கள். உண்மையான வேலை ஏழெட்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. எண்களை வரிசைப்படுத்து, எத்தனை என்று எண்ணு, ஒன்றுமே இல்லையெனில் பிழை என்று சொல், எண்ணிக்கை ஒற்றைப்படையானால் நடுவில் நிற்பதைக் கொடு, இரட்டைப்படையானால் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியைக் கொடு. அவ்வளவுதான்! முதலாண்டு மாணவனுக்குப் புரியாத வரி இதில் ஒன்றுகூட இல்லை. ஆயினும், "ஒன்றுமே இல்லையெனில்" என்ற கேள்வியை முதலில் கேட்டுவிடும் முன்யோசனையை அவன் அங்கேதான் கற்றுக்கொள்கிறான். தேர்ந்த தச்சரின் பட்டறையில் நின்று பார்ப்பதற்கு ஒப்பான கல்வி இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நூலகம், அதை எழுதியவர் எண்ணிப் பார்த்ததை மட்டுமே அறியும். 'ராயக்கோட்டை' என்பதில் எத்தனை எழுத்து என்று பைத்தானின் நீளம் காணும் செயற்கூற்றைக் கேளுங்கள், 11 என்கிறது! தொடக்கப் பள்ளிக் குழந்தையைக் கேளுங்கள். ரா, ய, க், கோ, ட், டை என்று விரல் மடக்கி 6 என்று சொல்லும். யூனிகோடு முறையில் புள்ளிக்கும், கால், கொம்பு முதலிய குறிகளுக்கும் தனித்தனி எண் இருப்பதால் வந்த வினை இது. அவல், அழகு, அளவு என்பது நம் அகராதி வரிசை. அதே மூன்றையும் பைத்தானிடம் வரிசைப்படுத்தக் கொடுத்தால் அளவு, அழகு, அவல் என்று தலைகீழாகத் தருகிறது. யூனிகோடு அட்டவணையில் ள, ழ, வ என்று எழுத்துகள் நிற்பதே காரணம்.

இக்குறையைக் கண்டு முணுமுணுத்துவிட்டுப் போகாமல் சிலர் வேலையில் இறங்கினர். முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் உருவாக்கிய ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகம், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து 6 என்றே எண்ணுகிறது. அகராதி முறைப்படி சொற்களை ஒப்பிடும் செயற்கூறும் அதில் உண்டு. எம்.ஐ.டி. உரிமத்தில் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் எழில் மொழியையும் உருவாக்கியவர் அவரே. 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிப் பரப்பிவருகிறது. பைத்தானின் மூலநிரல் பூட்டியிருந்தால் தமிழுக்கு இப்படியொரு நூலகம் எழுதுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

"எல்லாம் நூலகத்தில் இருந்தால் மாணவன் சோம்பேறி ஆகிவிடுவானே, ஒரே சொல்லில் வரிசைப்படுத்த முடிந்தால் குமிழி வரிசையாக்கத்தை எவன் எழுதுவான்?" என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 மார்ச்சில் நடந்ததொன்று இக்கேள்விக்கு வலுச் சேர்க்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சொல்லின் இடப்புறம் இடைவெளி சேர்க்கும் லெஃப்ட்பேட் என்ற சிறு நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். பதினோரே வரி! அதை நம்பியிருந்த பெருந்திட்டங்கள் பல நிலைகுலைந்தன. முதலாண்டு மாணவன் எழுதக்கூடிய பதினோரு வரிக்கு உலகமே பிறர் கையை எதிர்பார்த்திருந்தது. திறந்திருந்தும் எட்டிப் பாராதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றே. ஆகவே, முதலில் சொந்தக் கையால் எழுத வேண்டும். பிறகு நூலகத்தைத் திறந்து, அங்குள்ளது நம்முடையதினும் எவ்வாறு சிறந்தது என்று ஒப்பிட வேண்டும். அதன் பின்னரே அழைத்துப் பயன்படுத்த வேண்டும். இம்முறையில் சோம்பலுக்கு இடமேது?

இதில் நம் வாழ்வும் அடங்கியிருக்கிறது. ஒருபுறம் ஓசூர்ச் சிப்காட்டின் ஆலைகள். மறுபுறம் பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்கள். இரண்டுக்கும் நடுவே வாழ்கிறோம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வகுப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து, முதல் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் நம்மிடையே பலர். பொத்தானை அழுத்தத் தெரிந்தவனுக்கு ஒரு கூலி. பொத்தானுக்குப் பின்னால் நடப்பதை அறிந்தவனுக்கு வேறொரு கூலி. பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, உலகின் தேர்ந்த நிரலாளர் எழுதியதைக் காசின்றிப் படிக்கும் வாய்ப்பு வாசலில் வந்து நிற்கிறது. அதைக் கண்டும் காணாமல் போகலாமா?

எனவே மூன்று வேண்டுகோள்களைத் துறையின் முன் வைக்கிறேன். முதலாவது, முதலாண்டு ஆய்வகத்தில் ஜி.சி.சி.யும் பைத்தானும் நிலைபெற வேண்டும். பழைய கணிப்பொறிகளிலும் இவை ஓடும். இரண்டாவது, செய்முறைப் பதிவேட்டில் ஒரு பயிற்சியேனும் நூலகச் செயற்கூறு ஒன்றைத் திறந்து படித்து, வரிக்கு வரி தமிழில் விளக்கம் எழுதுவதாக அமைய வேண்டும். மூன்றாவது, இறுதியாண்டுத் திட்டப்பணி கட்டி வைத்த ஏடாக அலமாரியில் உறங்காமல், அடுத்த ஆண்டு மாணவர் எடுத்து வளர்க்கும் சிறு நூலகமாகத் திறந்த உரிமத்தில் வெளிவர வேண்டும். நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை அகராதி முறையில் அடுக்கும் ஒரு நூலகத்தில் தொடங்கினாலும் போதும்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நண்பர்களே! இடைநிலை காணும் அந்த ஏழெட்டு வரிகள் ஆய்வகக் கணிப்பொறியிலேயே இருக்கின்றன. அடுத்த செய்முறை வகுப்பில் அவற்றைத் திறந்து படியுங்கள். படித்ததில் ஐயம் தோன்றினால் ஆசிரியரைக் கேளுங்கள். குறை தென்பட்டால் திருத்தி, எழுதியவருக்கே அனுப்புங்கள்.